மான் குலத்தின் இரண்டாவது மகன்

எங்கள் குலப்பெயர் நோக். மான் என்று பொருள். கொரியாவைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் அறுநூறு பேர் தேறமாட்டோம். கிம், லீ, பார்க் என்று தெருவெல்லாம் நிரம்பி வழியும் நாட்டில், அந்த அறுநூறில் ஒருவர் என்பதற்காகவே என் அப்பா பியோங்ஹோ தலையை நிமிர்த்தி நடந்தார்.

போரில் தோற்று ஓடிவந்த அரசனை எங்கள் முதல் பாட்டன் புதரில் ஒளித்துவைத்தானாம். துரத்தி வந்தவர்கள் ஒரு மானைப் பார்த்து அதன் பின்னால் போய்விட்டார்களாம். அரியணை திரும்பக் கிடைத்ததும் அரசன் இந்தப் பெயரைக் கொடுத்தானாம். அந்தக் காலத்து அரசர்களுக்கு உயிர் போகிற நேரத்தில் எங்கிருந்தாவது ஒரு மான் வந்துவிடும். முடி வெட்ட உட்கார்ந்தால் நாவிதரிடம்கூட அப்பா இந்தக் கதையைச் சொல்லாமல் எழுந்திருக்கமாட்டார். தபால் அலுவலகத்தில் ஓய்வு பெற்றபின் குலச்சங்கத்தின் செயலாளரானார். வம்சப் புத்தகம் அவர் கையில். யார் பிறந்தாலும் செத்தாலும் அவர் எழுதினால்தான் உண்டு.

நான் மல்ஹி. பூசானில் காலணித் தொழிற்சாலையில் அடிப்பாகம் ஒட்டும் வரிசையில் இருந்தேன். ஒருநாள் மேற்பார்வையாளர் "நோக்!" என்று கத்தினார். நானும் திரும்பினேன், அடுத்த வரிசையில் ஒருவனும் திரும்பினான். எங்கள் ஊருக்கு வெளியே இன்னொரு நோக்கை நான் பார்த்ததே இல்லை. அதுதான் என்னை மயக்கியிருக்க வேண்டும். ஒரு வருடத்தில் ஒரே அறையில் குடியிருந்தோம்.

அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"பையன் பேரென்ன?"

"ஹக்சு."

அந்தப் பெயரே அப்பாவுக்குப் போதும். எங்கள் குலத்தில் ஒவ்வொரு தலைமுறை ஆணுக்கும் ஓர் அசை பொது. அப்பா தலைமுறைக்கு ஹோ. என் தலைமுறைக்கு ஹக்.

"அவன் உனக்கு அண்ணன் முறைடி. இனிமே இங்க வராத."

குலப்பெயரும் குலம் தோன்றிய மூலஊரும் ஒன்றாக இருந்தால் கல்யாணத்தைப் பதிய முடியாது என்பது அப்போதைய சட்டம். கிம்களுக்கு மூலஊர் நூற்றுக்கணக்கில் உண்டு, அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே ஊர். மகள் இசுல் பிறந்தபோது, அப்பன் ஆத்தாள் பெயர் இரண்டும் சேர்ந்து வரட்டும் என்று இஞ்சோனிலிருந்த ஹக்சுவின் அண்ணன் குடும்பப் பதிவில் அவர் மகளாக எழுதினோம். காகிதத்தில் நான் அவளுக்குச் சித்தி. அந்நியர் முன்னால் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று நானே சொல்லிக் கொடுத்தேன். பெற்ற வாயாலேயே சொல்லிக் கொடுத்தேன்.

தொண்ணூற்றாறில் அரசாங்கம் ஒரு கதவைத் திறந்தது. எங்களைப் போலச் சேர்ந்து வாழ்பவர்கள் டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் பதிந்துகொள்ளலாம். எட்டுப் படிக்குள் ரத்த உறவு இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. அதை வம்சப் புத்தகத்தைக் கொண்டு காட்ட வேண்டும். அடுத்த மார்ச்சில் இசுல் பள்ளி சேர வேண்டும். சேர்க்கைச் சீட்டு எங்கோ இஞ்சோனுக்குப் போய்விடும். இந்த முறை விட்டால் அவள் சித்தி வீட்டில் வளரும் பிள்ளையாகவே படித்து முடிப்பாள்.

டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பா என்னை உள்ளே விட்டார். புத்தகத்தைப் பிரித்தார். என் கொள்ளுத்தாத்தா அந்தப் பெரிய வீட்டின் இரண்டாவது மகன். ஹக்சுவின் கொள்ளுத்தாத்தா மூன்றாவது மகன். அவர்களைப் பெற்றவரிலிருந்து இந்தப் பக்கம் நாலு படி, அந்தப் பக்கம் நாலு படி என்று எங்கள் இருவர் வரைக்கும் விரல் வைத்து எண்ணினார்.

"எட்டு."

"ஒன்பதுன்னு எழுதிக் குடுங்கப்பா. யாரு வந்து எண்ணப்போறாங்க?"

"புத்தகத்துல பொய் எழுதச் சொல்றியா?"

"உங்க பேத்திப்பா."

"நான் எழுதுனா அது நாளைக்கு அறுநூறு பேர் முகத்துல கரி."

நான் அவர் காலைப் பிடித்தேன். மானம் ரோஷம் எல்லாம் பூசானிலேயே விட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். இரண்டு நாள் அழுதேன், திட்டினேன், சாப்பிடாமல் கிடந்தேன். மனிதர் கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை சாப்பிடும்போது இசுல் கிண்ணத்தை நீட்டினாள். எதிரே இருந்தவர் அவளுக்கு அந்நியர்.

"சித்தி, இன்னும் கொஞ்சம் சூப்."

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

"உன்னை என்னன்னு கூப்பிடறா?"

"காகிதத்துல என்ன இருக்கோ அப்படிக் கூப்பிடறா. நீங்க எழுதற மாதிரிதான்."

அவர் எழுந்து வெளியே போனார். பனியில் நெடுநேரம் நின்றுவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"உன் கொள்ளுத்தாத்தா ரெண்டாவது மகன் இல்ல. அந்த வீட்டு மாடு மேய்ச்ச அடிமை. தோல்சேன்னு கூப்பிடுவாங்க. ஜப்பான்காரன் ஆட்சியில எல்லாரும் குலப்பேர் பதியணும்னு சொன்னப்ப எஜமான் பேரைச் சொல்லிட்டான். அப்புறம் அந்த வீடு நொடிச்சுப் போச்சு, இவன் நாலு வயல் சேர்த்தான். புத்தகம் அச்சுப்போட வழியில்லாம நின்னாங்க. இவன் நெல்லு குடுத்தான். ரெண்டாவது மகன்னு ஒரு வரி சேர்த்தாங்க."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எங்கப்பா சாகறப்ப சொன்னாரு. அப்ப எனக்கு இருபத்தெட்டு வயசு."

"தெரிஞ்சுக்கிட்டா ஊரெல்லாம் ராஜா கதை சொன்னீங்க?"

"சொல்லச் சொல்ல உண்மையாயிடும்னு நெனச்சேன்."

எனக்கும் ஹக்சுவுக்கும் நடுவே ஒரு சொட்டு ரத்தம்கூடப் பொதுவில்லை என்று தெரிந்தும் ஏழு வருடம் இந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

புத்தகத்தைத் திருத்த, குலத்தின் மூத்த கிளையான தலைவீட்டு மூன்ஹோவின் முத்திரை வேண்டும். முப்பதாம் தேதி குலமண்டபத்தில் பெரியவர்கள் ஒன்பது பேர் கூடினார்கள். அப்பா நடுவில் மண்டியிட்டு, அந்த ஒரு வரி பொய் என்று சொன்னார். யாரும் அதிர்ச்சியடையவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்ஹோ சிரித்தார். "எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்ச? எங்க வீட்டுப் பெரியவங்க எல்லாரும் சொல்லித்தான் வச்சாங்க. தோல்சே பேரன் சொன்ன வேலையைச் செய்வான்னுதான் புத்தகத்தையே உன்கிட்ட குடுத்தோம். இருபது வருஷம் ஒரு பிழை இல்லாம எழுதுனியே."

மற்றவர்களும் சிரித்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "மாட்டுக்காரன் கொள்ளுப்பேத்தி எஜமான் வீட்டுக்கே மருமகளா வரா பாரு" என்றார்.

"முத்திரை மட்டும் வச்சுக் குடுங்கண்ணே. நாளைக்குக் கடைசி நாள்" என்றார் அப்பா.

"இனிமே அண்ணேன்னு கூப்பிடாத."

அப்பா தலையைத் தரை வரைக்கும் தாழ்த்தினார். "சரிங்கய்யா. வச்சுக் குடுங்கய்யா."

அப்பா, அவருடைய அப்பன், பாட்டன், என் தம்பி என்று எங்கள் கிளையின் எல்லாப் பெயர்கள் மேலும் மூன்ஹோ சிவப்பு மையால் கோடு போட்டார். எங்கள் பெயர்களை அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது அப்பாதான். அதன் பிறகு முத்திரை விழுந்தது.

மறுநாள் பூசானில் பதிவு அலுவலகம் மூடுவதற்கு இருபது நிமிடம் முன்பு எங்கள் கல்யாணம் பதிவானது. இசுலின் பதிவை மாற்ற இன்னும் சில வாரம் அலைந்தோம். மார்ச்சில் அவள் எங்கள் மகளாகப் பள்ளிக்குப் போனாள்.

அப்பா சங்கத்துக்குப் போவதை நிறுத்தினார். ஊரில் இருக்க முடியாமல் ஜூனில் எங்களோடு வந்துவிட்டார். முடி வெட்டப் போனால் வாய் திறப்பதில்லை.

ஜூலை நடுவில், சாப்பிட்டுக்கொண்டே செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே குலத்தாருக்குக் கல்யாணம் கூடாது என்ற சட்டம் செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. எத்தனை படி உறவு வரைக்கும் கூடாது என்ற பேச்சு இன்னும் நீளும் என்றாலும், கதவு இனி மூடாது. ஏழு மாதம் பொறுத்திருந்தால் வேறு வழி பிறந்திருக்குமோ என்று நினைத்தேன். அப்பாவின் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது.

அவர் ஒரு மீன் துண்டின் முள்ளைப் பொறுமையாக எடுத்து இசுலின் கிண்ணத்தில் வைத்தார்.

"பள்ளிக்கூடம் மார்ச்சுலதானே தொறந்தது?"

"ஆமாப்பா."

"அப்பக் காத்திருக்க முடியாது" என்றார். திரும்பவும், எனக்குக் கேட்கவில்லையோ என்பது போல, "முடியாது" என்றார்.