கோட் போடாத பொங்கல் பயணம்

சச்சிதானந்தன் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலையிலிருந்து இளைப்பாறிய கையோடு ஒரு பழைய மோட்டார்ஹோமை வாங்கினார். அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ள வண்டி. அதன் நீளத்துக்கு, மூக்கு மிசிசாகாவில் நின்றால் வால் ஹமில்டனில் நிற்கும்.

மாரிக் குளிரில் மனைவி யோகமலரோடு அதில் அத்திலாந்திக் கரைவரை போகப்போவதாக அவர் அறிவித்ததும், ஸ்ரௌவ்விலில் இருக்கும் மகள் கஜனி நிபந்தனை போட்டாள். முதலில் தைப்பொங்கலுக்குத் தன் வீட்டுக்கு அதில் வந்து காட்டவேண்டும். வழியில் குளிர் தாங்காமல் அம்மா கோட் போட்டால் வண்டி விற்பனைக்கு. மருமகன் ஜூலியன் விளம்பரத்துக்குப் படம்கூட எடுத்துவிட்டாராம்.

சச்சிதானந்தனுக்கு ரோசம் வந்துவிட்டது. எஞ்சின் சூடு முன்சீற்றுகளுக்குத்தான் காணும். பின்னால் கிடக்கிற மண்டபத்தைச் சூடாக்கச் சூரியனே இறங்கி வரவேண்டும். ஓடும்போது காஸ் ஹீற்றர் ஆபத்து என்று அதைப் பூட்டிவிட்டார். கதவு இடுக்குகளில் தான் உடுத்துப் பழசான சாரங்களைச் சுருட்டித் திணித்தார். முன்சீற்றுகளுக்குப் பின்னால் திரை கட்டினால் சூடு முன்னாலேயே நிற்கும். பெட்சீட் கட்டிப் பார்த்தார். குளிர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அலுமாரியின் அடியில் கனத்த பட்டுச்சேலை ஒன்று கிடந்தது. நாலாக மடித்து, பெட்சீட்டுக்குப் பின்னால் உடுப்புக் கிளிப்புகளால் கொழுவினார். அதற்குப் பிறகு ஈகூட உள்ளே வர இவரிடம் கேட்கவேண்டும்.

பொங்கலன்று காலை, வெளியில் விட்ட மூச்சு உறைந்து நிலத்தில் விழுந்து உடைந்தது. யோகமலர் பருத்திச் சேலையோடு, கோட்டை மடியில் வைத்தபடி மகாராணிபோல முன்னால் இருந்தார். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் வாகனங்கள் பனிக்குள் ஊர்ந்தன. முன்னால் யாரோ பிரேக் அடிக்க, இவரும் அடிக்க, பெட்சீட் நழுவி விழுந்தது. பின்னால் சிவப்பும் சரிகையும் பளீரென்றன.

யோகமலர் திரும்பிப் பார்த்தார்.

“உது என்ரை கலியாணக் கூறையெல்லே.”

தாலி கட்டிய அன்று ஓமப்புகையில் கண் எரிந்து எதையும் சரியாகப் பார்க்கவில்லை என்றார் சச்சிதானந்தன். நாற்பது வருசம் பிந்திய அந்த விளக்கம் எடுபடவில்லை. யோகமலர் கையை நீட்டிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கூறையை மடிக்கு இழுத்துக்கொண்டார். பின்னால் காத்திருந்த வடதுருவம் முழுவதும் முன்னால் வந்து இருவருக்கும் நடுவில் குந்தியது.

யோகமலரின் கை மெல்லக் கோட்டுக்குப் போனது. சச்சிதானந்தனின் கண் முன்னாலேயே அத்திலாந்திக் சமுத்திரம் வற்றியது.

அந்த நேரம் பார்த்துக் கஜனி போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் குரல் தேனாக வழிந்தது.

“அம்மா, இட்ஸ் ஓகே, கோட்டைப் போடுங்கோ. அப்பான்ரை விசர்ப் பிடிவாதத்துக்கு நீங்கள் ஏன் விறைக்கிறியள்? வயசுபோன ஆக்கள் வீட்டிலை இருக்கலாம்தானே.”

“ஆருக்கு வயசு போனது?” என்றார் யோகமலர். “எனக்கு இஞ்சை வேர்க்குது.”

போனை நிறுத்தினார். கோட்டைத் தூக்கிப் பின்னால் எறிந்தார். கூறையை உதறி விரித்து, தலையிலிருந்து முழங்கால்வரை மூன்று சுற்றுச் சுற்றினார். மிஞ்சிய தலைப்பைச் சச்சிதானந்தனின் தோளில் போட்டுச் செருகினார்.

“கோட்டைத்தானே போடக்கூடாதெண்டவள்? நீங்கள் வண்டியை ஓடுங்கோ. கூறைக் கதை வீட்டை போய் இருக்கு உங்களுக்கு.”

சச்சிதானந்தன் ஓடினார். பனி தள்ளும் லொறிகளே ஒதுங்கி வழிவிட்டன.

ஸ்ரௌவ்விலில் கஜனி கதவைத் திறந்தபோது, முழங்கால் பனியில் அம்மா இரண்டாம் தரம் கலியாணம் முடித்து வருவதுபோலச் சிவப்பும் சரிகையுமாக வந்துகொண்டிருந்தார். கோட் இல்லை. மகளின் புதுவீட்டு ஹோலுக்குள் வந்து, சுற்றிப் பார்த்து, கூறையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

“என்ன பிள்ளை, வீடு இப்பிடிக் குளிருது? பேசாமல் ரெண்டு பேரும் அப்பான்ரை வண்டிக்கை வந்து இருங்கோவன்.”

ஜூலியன் ஓடிப்போய் ஹீற்றரைக் கூட்டினார். சச்சிதானந்தனும் வெற்றிப் பேச்சு ஒன்று வைத்திருந்தார். இரண்டு வரிசைப் பல்லும் அடித்துக்கொண்ட அடியில் வாய் திறபடவில்லை. ஓமென்று தலையை மட்டும் ஆட்டினார்.