சித்தூர் ராணிக்குப் பின்னணிக் குரல்

"உங்கட நாடகத்தில ராணியா வாற ரஜனிக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. ராணியின்ர வசனம் முழுக்க எனக்குப் பாடம் அப்பா. நான் நடிக்கிறன்," என்றாள் பாமா.

சிவலோகன் கோப்பையை மேசையில் வைத்த வைப்பில் பாதித் தேநீர் சிந்திவிட்டது. "கட்டினவனை விட்டிட்டு வந்து நிக்கிறாய். நீ சித்தூர் ராணியா மேடையேறினா சனம் சிரிக்கும். நாடகக் கமிட்டியும் ஒத்துக்கொள்ளாது."

கட்டினவன் பிரதாபன். லண்டன் எட்மண்டனில் சொந்த வீடு, கோயில் திருவிழாவில் முதல் உபயம், வீட்டுக்குள் பெல்ட். அந்தத் தழும்பு பாமாவின் தோளில் இன்னும் இருந்தது. அதைப் பார்த்த அன்று, "வெளியில காட்டாதை, மானம் போகும்," என்றார் அப்பா. பாவம், மானத்தைப் பற்றித்தான் மனுசன் நாடகமே எழுதியிருந்தார். பகைவன் கையில் அகப்படாமல் தீயில் இறங்கிய ராஜபுத்திர ராணியின் கதை.

கமிட்டி ஒரு வழி கண்டுபிடித்தது. கமிட்டிக்கு மூளை இல்லாமலா? ரஜனி சுமங்கலி, அவள் பட்டுடுத்தி மேடையில் வாயசைக்கட்டும். பாமா திரைக்குப் பின்னால் நின்று மைக்கில் பேசட்டும். சபைக்கு ஏன் சொல்லவேண்டும்?

"நாடகம் முடிய மருமோன் உன்னைக் காரில கூட்டிக்கொண்டு போவார். நான் வாக்குக் குடுத்திட்டன்," என்றார் அப்பா.

வால்தம்ஸ்டோ மண்டபத்தில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் கோட் சூட்டோடு பிரதாபன். ராணி பேசப் பேசப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். சிவலோகனுக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசிக் காட்சியில் மின்விசிறிக் காற்றில் சிவப்புத் துணி நெருப்பாக எழுந்தது. ரஜனி கைகூப்பி, வாயைத் திறந்தாள்.

'அக்கினியே, என் மானம் காப்பாய்' என்பதுதான் வசனம். அது பாமாவின் வாயில் வரவில்லை. செந்தமிழே வரவில்லை.

"பிழை செய்தவன் அவன். நான் ஏன் சாகவேணும்?" என்று மண்டபம் முழுக்கக் கேட்டது ராணியின் குரல். "அவனோடயும் போகமாட்டன். நெருப்புக்குள்ளயும் போகமாட்டன்."

சிவலோகன் பக்கத்திரையில் நின்று கையை ஆட்டினார். "குதி பிள்ளை, குதி."

ரஜனி நெருப்பைப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துணியைச் சுற்றி நடந்து உள்ளே வந்து பாமாவுக்குப் பக்கத்தில் நின்றாள். திரையை அவசரமாக இழுத்து மூடினார்கள்.

கமிட்டித் தலைவர் வேர்த்து விறுவிறுத்து மேடைக்கு வந்தார். "மைக்கில சின்னப் பிழை. குறை நினைக்காதேங்கோ. ராணி நெருப்பில இறங்கினதா எடுத்துக்கொள்ளுங்கோ."

சபை எழுந்து நின்று கைதட்டியது. பிரதாபன் மட்டும் தட்டவில்லை. அது யாருடைய குரல் என்று அவனுக்குத் தெரியும்.