பதினோரு ஆண்டு நீண்ட கொட்டாவி

பூட்டுக்காரரின் கொட்டாவி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்குத் தொடங்கி, பதினோரு ஆண்டும் நான்கு மாதமும் கழித்து ஒரு வியாழக்கிழமை மதியம் முடிந்தது. இடையில் அவர் வாயை மூடவில்லை. அதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊருக்கெல்லாம் பூட்டு ரிப்பேர் செய்கிற மனிதரின் வீட்டிலேயே, அவர் சாய்வு நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே, யாரோ கதவைத் திறந்து ரேடியோவைத் தூக்கிப் போய்விட்டார்கள். தைத்த துணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய அவர் மனைவி, தையல்காரம்மா, போலீசுக்குச் சொல்ல, கைரேகைப் பிரிவிலிருந்து கறுப்புப் பெட்டியோடு ஒருவர் வந்தார். ஊரில் அவருக்கு ரேகைக்காரர் என்றே பெயர். அப்போதுதான் கண் விழித்துச் சோம்பல் முறித்த பூட்டுக்காரரிடம், “நான் சொல்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க, அசையாதீங்க” என்றார். சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள் பூட்டுக்காரர். பாதிக் கொட்டாவியில் அப்படியே நின்றார். ரேகைக்காரர் அறையைச் சுற்றி மஞ்சள் நாடாவைக் கட்டி முடித்தார்.

மற்ற அதிகாரிகள் நாடா கட்டினால் ஆட்கள்தான் உள்ளே போக மாட்டார்கள். இவர் அத்தனை ஒழுங்கானவர் என்பதால் இவர் கட்டிய நாடாவைத் தாண்டிக் காலமும் உள்ளே போகவில்லை. சுவர்க்கடிகாரம் நின்றது. ஓரமாக இருந்த பானைக் குழாயிலிருந்து விழுந்த சொட்டு பாதி வழியில் நின்றது. தையல்காரம்மா அவருக்குப் போட்டு வைத்திருந்த டீ ஆறவில்லை, பால் திரியவில்லை. இரண்டாம் வாரத்தில், எலி கடைசி நொடியில் திரும்பிவிட, அதைத் துரத்திப் பாய்ந்த பக்கத்து வீட்டுப் பூனை நாடாவுக்கு அந்தப் பக்கம் அந்தரத்தில் தொங்கியது. ரேகைக்காரர் அவ்வப்போது உள்ளே போய் வந்தும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். பூனை போடவில்லை. தையல்காரம்மா பொறுமை இழந்து ஒரு நாள் நல்ல கத்தரிக்கோலைக் கொண்டுவந்து நாடாவை வெட்டப் பார்த்தாள். கத்தரிக்கோல்தான் மழுங்கியது.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு விரல்ரேகை. அலமாரிக் கண்ணாடியில் பளிச்சென்று பதிந்திருந்தது. சுழி வகை, நடுவே குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு. புருஷனுடையதும் இல்லை, பெண்சாதியுடையதும் இல்லை. அது யாருடையது என்று தெரியாமல் இடத்தை விடுவிக்க முடியாது என்பது விதி. விதியை வளைக்கிற பழக்கம் ரேகைக்காரருக்குக் கிடையாது. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அவர் நடத்தும் முதல் பாடமே, “ஒரு இடத்துக்குள்ள போற எவனும் எதையாவது விட்டுட்டுத்தான் வருவான், எதையாவது எடுத்துட்டுத்தான் வருவான்” என்பதுதான். அந்த ரேகையைப் பெரிதாக்கிப் படமெடுத்துத் தன் அறைச் சுவரில் மாட்டினார். சிறையிலிருந்த திருடர்கள், வெளியே வந்த திருடர்கள், தபால்காரர், பேருந்து நடத்துநர், பள்ளித் தலைமை ஆசிரியை, நகர மன்றத் தலைவர் என்று பத்தாயிரம் பேரின் விரல்களில் மை தடவி ஒப்பிட்டார். யாருடையதும் ஒத்துப்போகவில்லை.

தையல்காரம்மா பக்கத்து அறையில் மெஷினைப் போட்டு, புருஷனைப் பார்த்தபடியே தைத்துக் காலம் தள்ளினாள். சாயங்காலமானால் நாடாவுக்கு இந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டு அன்றைய சேதியெல்லாம் அவரிடம் சொல்வாள், திட்டுவாள், சில நாள் அழுவாள். பதில் பேசாத புருஷனோடு சண்டை போடுவது சுலபம்தான், ஆனால் ஜெயித்தாலும் ருசிக்கவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னாளாம். வாரம் தவறாமல் திங்கட்கிழமை ரேகைக்காரரின் அலுவலகத்துக்குப் போய் பெஞ்சில் உட்காருவாள். “என்ன சார், எங்க வீட்டுக்காரர் எப்போ வாயை மூடுவாரு?” என்பாள். “விசாரணை நடக்குதும்மா” என்பார் அவர். அவள் காத்திருக்கும் நேரமெல்லாம் எதிரே சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். துணியில் ஒரு இழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. அந்த ரேகையின் ஒவ்வொரு கோடும் அவளுக்கு மனப்பாடம்.

பதினோரு ஆண்டு கழிந்து ஒரு திங்கட்கிழமை, நல்ல வெயில். ரேகைக்காரர் இரக்கப்பட்டுத் தன் கையாலேயே ஒரு கண்ணாடி தம்ளரைத் துடைத்துத் தண்ணீர் பிடித்து அவளிடம் நீட்டினார். அவள் குடிக்கவில்லை. தம்ளரின் விளிம்பை மட்டும் பிடித்து வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பெஞ்சில் வைத்தாள். தண்ணீரை ஜாக்கிரதையாகக் கொட்டினாள். பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து, உறைபோலத் தைத்து, தம்ளரை உள்ளே வைத்து வாயை முடிச்சிட்டு, ஒரு சீட்டு எழுதி ஒட்டினாள். பொருள்: கண்ணாடி தம்ளர் ஒன்று. எடுத்த இடம்: ரேகைக்காரர் அறை. நேரம்: காலை பத்தே முக்கால். எடுத்தவர்: தையல்காரி. சாட்சி: அலுவலக அட்டெண்டர். அட்டெண்டரிடம் கையெழுத்தும் வாங்கினாள். பதினோரு வருடம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததில் தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தாள்.

“சும்மா பாருங்க சார், ஒண்ணும் அவசரமில்ல” என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

ரேகைக்காரர் சிரித்துக்கொண்டே பொடியைத் தூவி, தம்ளரில் எழும்பிய ரேகையைச் சுவரிலிருந்த படத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார். எட்டாவது புள்ளி ஒத்துப்போனபோது சிரிப்பு நின்றது. பன்னிரண்டு ஒத்துப்போனால் போதும், அவர் பதினேழு வரை எண்ணினார். பிறகு தன் வலது ஆள்காட்டி விரலைத் திருப்பிப் பார்த்தார். சின்ன வயதில் பிளேடு கிழித்த தழும்பு, அதே இடத்தில், அடக்கமாக இருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் வேலை தொடங்கும் முன் அலமாரிக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். மீசையில் ஒரு பக்கம் கலைந்திருந்தது. ரப்பர் கையுறையோடு முறுக்கினால் முடி பிடித்து இழுக்கும், அதனால் கையுறையைக் கழற்றினார். முறுக்கினார். கிட்டப்போய்ப் பார்க்கக் கண்ணாடியில் விரலை ஊன்றினார். பத்தாயிரம் பேருக்கு மை தடவியவர், சம்பவ இடத்துக்குப் போன தன் கையைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்.

மூன்று நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம்தான். சுவரில் நற்சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கின. பயிற்சிக்கு வருகிறவர்கள் அவர் பெயரைச் சொன்னாலே எழுந்து நிற்பார்கள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் விஷயம் முடிந்தது, அந்த அம்மாவின் பேச்சை யார் நம்பப்போகிறார்கள்? இந்த யோசனையோடுதான் வியாழக்கிழமை அந்த வீட்டுக்குப் போனார். பக்கத்து அறையில் தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் பார்த்தபோது பேசிக்கொண்டே, ஊசியைப் பார்க்காமலே கோத்தவள் அவள். இப்போது கையை நீட்டித் தூரப் பிடித்து, மூன்று தடவை தவறவிட்டு, நூல் நுனியை நனைத்து நான்காம் தடவை முயன்றாள். ரேகைக்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊசியை வாங்கித் தானே கோத்துக் கொடுத்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து, ‘ரேகை என்னுடையது. இடம் விடுவிக்கப்படுகிறது’ என்று எழுதி, கையெழுத்துக்குக் கீழே விரலையும் ஒற்றி, நாடாவை அவிழ்த்தார்.

சொட்டு விழுந்தது. பூனை தரையிறங்கி, எலியைக் காணாமல் அசிங்கப்பட்டு வெளியே போனது. பூட்டுக்காரர் கொட்டாவியை நிதானமாக முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நரைத்த தலையோடு எதிரே நின்ற மனைவியைப் பார்த்தார்.

“அடக்கடவுளே! ஒரு ரேடியோ போனதுக்கா தலை நரைக்கிற அளவுக்குப் பயந்துபோயிட்ட?” என்றார்.

அவள் சிரித்தாள், அழுதாள், ஆறாத டீயை எடுத்துத் தானே குடித்தாள். அவரைவிட ஐந்து வயது சின்னவளாக இருந்தவள் இப்போது ஆறு வயது மூத்தவள். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் இரண்டு வயதையும் சொன்னபடி எழுதிக்கொண்டு போனார். முதல் வாரம் பூட்டுக்காரர் மரியாதைக்கு அவளை “நீங்க” என்று கூப்பிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். திருடன் அகப்படவில்லை. ரேகைக்காரருக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. பயிற்சி வகுப்பில் அவரே தன் ரேகைப் படத்தைக் காட்டிப் பாடம் நடத்தினார், யாரும் சிரிக்கவில்லை, எழுந்துதான் நின்றார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பூட்டுக்காரர் தயங்கித் தயங்கி அவரைத் தேடி வந்தார். கூடவே தையல்காரம்மாவும் வந்தாள்.

“சார், அந்த நாடாவை இவளைச் சுத்தி ஒரு பதினோரு வருஷம் கட்டிவிடுங்க. நான் வெளியில இருந்து வயசாகி வந்து சேர்ந்துக்கிறேன். பழையபடி சரியாப் போயிடும்.”

குற்றம் நடக்காத இடத்தில் நாடா கட்ட விதியில்லை என்று ரேகைக்காரர் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தையல்காரம்மா புருஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“வேணாங்க, வாங்க. தனியாக் காத்திருக்கிறது எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும். அது உங்களுக்குத் தெரியவே வேண்டாம்.”