கன்னி மூலைப் பீரோ

எங்கள் பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வகத்தில் மூன்றாவது மேஜை ராசியில்லாத மேஜை. செய்முறைத் தேர்வில் சீட்டு எடுக்கும்போது அந்த மேஜையின் டேன்ஜன்ட் கால்வனாமீட்டர் வந்துவிட்டால் பிள்ளைகளின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிடும். காந்த ஊசியை வைத்துப் பூமியின் காந்தப்புலத்தை அளக்கிற சோதனை அது. விடை நாற்பது மைக்ரோ டெஸ்லாவுக்குப் பக்கத்தில் வர வேண்டும். அந்த மேஜையில் யார் செய்தாலும் ஐம்பதைத் தாண்டிவிடும்.

அதனால் என்ன? பிள்ளைகள் நாற்பதை முதலில் எழுதிவிட்டு, ஊசி எத்தனை டிகிரி திரும்பியிருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டுக்கொள்வார்கள். ரீடிங்கைக் குக் பண்ணுவது என்று அதற்குப் பெயர். நான் பக்கத்து அறையில் வேதியியல் டீச்சர். எங்கள் பக்கமும் சமையல் உண்டு என்பதால் வாயைத் திறப்பதில்லை.

போன ஜூனில் குளத்தூரிலிருந்து சுகுணா மாற்றலாகி வந்தாள். வந்ததும் முதல் வேலையாகச் சமையலை நிறுத்தினாள். பார்த்ததைத்தான் எழுத வேண்டும் என்றாள். கார்முகில் என்கிற பெண் எழுந்து நின்றாள். எஞ்சினியரிங் சேர அரை மார்க்குக்கும் கணக்குப் பார்க்கிற பிள்ளை.

"நீங்க சொல்றபடி எழுதினா எனக்கு மார்க்குப் போயிரும் டீச்சர். பெறகு நான் எங்கிட்டுப் போயி நிக்கிறது?"

அன்று மாலை சுகுணாவே அந்த மேஜையில் சோதனையைச் செய்தாள். செல்போனைத் தள்ளிப் பிடித்து, ஊசியைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். போனுக்குள்ளும் காந்தம் இருக்கிறதாம், கிட்டே கொண்டுபோனால் ஊசி ஆடிவிடுமாம். கண் பிசகவில்லை. கணக்கும் பிசகவில்லை. விடை மட்டும் ஐம்பத்தெட்டு.

ஊசியை எடுத்து வைத்துவிட்டு, காந்தப்புலம் அளக்கிற ஆப் ஒன்றைப் போனில் இறக்கினாள். அறையின் நடுவில் நாற்பது என்றது. மூன்றாவது மேஜையை நெருங்க நெருங்க ஏறி, சுவரை ஒட்டி எண்பதைத் தொட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியர் அறை. அங்கே, சுவரோடு சுவராக, ஆளுயர இரும்புப் பீரோ.

தலைமையாசிரியர் உடையப்பன் சாரிடம் போய் நகர்த்தச் சொன்னோம்.

"அந்தப் பீரோவக் கன்னி மூலையில வச்ச பெறகுதான் நமக்கு நூறு சதவீதம் ரிசல்ட்டு. அதை மட்டும் அங்கிட்டு இங்கிட்டு நகத்தச் சொல்லாதீங்கம்மா."

வாஸ்துவிடம் இயற்பியல் என்ன வாதாட முடியும்? மேஜையோ சிமெண்ட் வைத்துக் கட்டியது. கடைசியில் ஒரு மர ஸ்டூலை அறையின் நடுவில் போட்டுக் கருவியை அதில் வைத்தாள் சுகுணா. சமைக்காமலே நாற்பது வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பொறாமையாக இருந்தாலும் நானும் தட்டினேன்.

தேர்வன்று கார்முகிலுக்கு அந்தச் சீட்டே வந்தது. வெளித் தேர்வாளர் சிவசாமி, பொன்னமராவதிக்காரர், சில வருஷத்துக்கு முன் ஒரு தடவை இங்கே வந்தவர். அவள் விடையைப் பார்த்துச் சிரித்தார்.

"முப்பத்தொம்பது புள்ளி ஆறா! இந்த ஸ்கூல்ல இது யாருக்கும் வராதும்மா, எனக்குத் தெரியும். கருவியப் பழைய எடத்துல வச்சு, என் முன்னாடி செஞ்சு காட்டு."

சுகுணா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மூன்றாவது மேஜையில் செய்தால் ஐம்பத்தெட்டு வரும், பிள்ளை பொய்க்காரி ஆவாள். கார்முகில் ஸ்டூலை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"செய்யிறேன் சார். அதுக்கு முன்னாடி உங்க போன்ல திசைகாட்டியத் தொறந்து, இங்கயிருந்து அந்தச் சுவரு வரைக்கும் நடந்து பாக்குறீங்களா?"

முறைத்துக்கொண்டேதான் நடந்தார். பாதி வழியில் நின்றார். போனில் முள் திசை மாறிச் சுற்றியது. சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு போனை நீட்டிப் பிடித்தபடியே வெளியேறி, தலைமையாசிரியர் அறைக்குள் போய்ப் பீரோ முன்னால் நின்றார்.

உடையப்பன் சார் பரவசத்தோடு எழுந்தார். "கன்னி மூலைதான சார்? சரியா இருக்குங்களா?"

"ரொம்பச் சரியா இருக்கு," என்றார் சிவசாமி.

திரும்பி வந்து கார்முகிலுக்கு முழு மதிப்பெண் போட்டார். பிள்ளை சுகுணாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லாரும் போன பின்னும் சிவசாமி எழுந்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ரொம்ப வருஷமா இங்க இருக்கீங்களே டீச்சர். போன தடவ நான் வந்தப்ப இந்த மேஜையில ஒரு பையன் அம்பத்தேழுன்னு எழுதியிருந்தான். பாத்ததத்தான் எழுதினேன்னு சாதிச்சான். அவனுக்கு மட்டும் மார்க்கக் கொறச்சேன். நாப்பதுன்னு எழுதினவங்களுக்கெல்லாம் முழுசாப் போட்டேன். அந்த நாப்பதெல்லாம் சமைச்சதுன்னு பெறகுதான் தெரிஞ்சுச்சு."

"ஐயனார்," என்றேன். "கவர்மென்ட் காலேஜு ஒரே மார்க்குல போச்சு சார். இப்ப துபாய்ல ஏ.சி. மாட்டுறான்."

எனக்குக் கோபம் பொங்கியது. அவர் மேல் மட்டுமில்லை. அன்றைக்கு இந்த வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

அவன் நம்பர் கேட்டார். கொடுத்தேன். போனில் நம்பரைப் போட்டுவிட்டு, அழைக்கிற பொத்தானை அழுத்தாமல் என்னைப் பார்த்தார்.

"என்னன்னு சொல்றது டீச்சர்?"

"அந்த மேஜையில அம்பத்தேழுதான் வந்திருக்கும்னு சொல்லுங்க சார்," என்றேன்.