வேர் பிடிக்காத பத்துத் துண்டுகள்

பத்துத் துண்டுகளில் ஒன்றுகூட வேர் பிடிக்கவில்லை. ஏன் என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

மண்கலவையில் குறையில்லை. தென்னைநார்த் தூளும் பெர்லைட் என்னும் வெள்ளைப் பொரிக்கல்லும் சரிபாதி, பிழிந்தால் கையில் சொட்டாத ஈரம். நேர்வெயில் படாத ஜன்னலோரம். காற்றில் ஈரப்பதம் வேண்டுமே என்று மூடி போட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி. இவ்வளவும் இருந்தும், பதினெட்டாம் நாள் காலையிலும் துண்டுகள் நட்டது நட்டபடி நின்றன.

செடி அக்காவுடையது. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய தடித்த இலைகள், ஒவ்வொன்றிலும் ஆமையோட்டு வரிகள். மெல்லிய கொடிகள் தொட்டியிலிருந்து மணி கோத்த நூலாகத் தொங்கும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூண்ட வாய்ச்சண்டையில் அக்காவும் தங்கையும் இரண்டு வருடம் பேசிக்கொள்ளவில்லை. கப்பலில் நர்ஸ் வேலைக்குக் கிளம்பிய அன்று அக்காவே வந்து, “உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்” என்று தொட்டியைக் கையில் கொடுத்தாள். இவள் பாசத்தையெல்லாம் தண்ணீராக ஊற்றினாள். அடி அழுகிவிட்டது. தப்பிய கொடிகளை வெட்டி நட்டதுதான் இந்தப் பத்தும். அக்கா திரும்ப இன்னும் இருபத்தாறு நாள்.

தங்கைக்குப் பை தயாரிக்கும் ஆலையில் கடைசிப் பரிசோதனை வேலை. ஒவ்வொரு ஜிப்பையும் மூன்று தடவை இழுத்துத் திறந்து மூடுவாள், கைப்பிடித் தையலைச் சுண்டி இழுப்பாள், பிறகுதான் சீட்டு ஒட்டுவாள். வீட்டிலும் கை சும்மா இருக்காது. பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். காலையில் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு துண்டையும் இரு விரலால் பிடித்து மெதுவாக இழுப்பாள். வேர் விட்டிருந்தால் கைக்கு வராதல்லவா?

“முட்டையை உடைச்சுப் பாத்து, இன்னும் குஞ்சு வரலியேங்குற கதையா இருக்கு” என்றான் பஸ் ஓட்டும் கணவன்.

“பிடிச்சிருக்கான்னு தெரிய வேண்டாமா?”

“பிடிச்சா அதுவே சொல்லும்.”

“செடி பேசுமாக்கும்!”

“உங்க அக்காவே பேசிட்டாங்க. செடி பேசாதா?”

அன்று மாலை அக்கா கூப்பிட்டாள். “என் ஆமைங்க எப்படிடி இருக்கு?”

“சிக்னல் சரியில்லக்கா...” என்று வைத்துவிட்டாள். அடுப்படிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். மறுநாள் விடுமுறை. காலையில், புதுக் கலவை போட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று பத்தையும் பிடுங்கி வைத்துவிட்டு, பழைய மண்ணைக் கொட்டிப் பெட்டியைத் துடைத்தாள். மூலையில் மண்ணோடு ஒட்டிக் கிடந்த ஒரு துணுக்கு துணிக்கு வரவில்லை. என்றோ அவள் இழுத்ததில் ஒடிந்து விழுந்த மூன்றிலைத் துணுக்கு. மண்ணோடு சேர்த்துக் கரண்டியால் நெம்பினாள். அடியில் தலைமுடி மாதிரி வெள்ளை வேர்கள்.

கரண்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இந்தச் செடிக்கு வேர் கிளம்புவது இலை தண்டோடு சேரும் கணுவில். கீழே விழுந்த துணுக்கு படுத்துக் கிடந்ததால் அதன் கணுக்களெல்லாம் ஈரமண்ணைத் தொட்டன. நின்றவற்றுக்கோ ஒரே ஒரு கணுதான் மண்ணுக்குள். அதில் முளைத்த நுனியையும் அவள் விரலே தினமும் அறுத்துக்கொண்டிருந்தது. துணுக்கு வரிசையில் இல்லை, அதனால் பரிசோதனைக்கும் தப்பிவிட்டது.

அக்காவை அழைத்து, அடி அழுகியதிலிருந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

அக்கா முதலில் கேட்டது இதுதான்: “இழுத்தியா? தினமுமா?”

“தினமும்.”

“ஆடுற பல்லையும் சின்ன வயசுல நீ இப்படித்தான்டி படுத்துவ!”

“கோவமாக்கா?”

“இல்லாமலா? நேத்து ஃபோனை வச்சதுக்கு இன்னும் ஜாஸ்தி. சரி, நாலு இலையாவது மிச்சம் வை. நான் வந்து பாத்துக்கறேன்.”

அவள் மண்கலவையைக் கட்டைவிரல் கனத்துக்கு மட்டும் பரப்பினாள். துண்டுகளின் அடியைப் புதிதாக வெட்டி, நடாமல் மேலே படுக்க வைத்து, கணுக்கள் மண்ணைத் தொடும்படி ஹேர்பின்னால் லேசாக அழுத்தினாள். மூடியைப் போட்டாள். சும்மா இருக்க முடியாத கைக்கு ஒரே வேலை கொடுத்தாள்: தினமும் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கி, அடிப்பக்கத்தைப் பார்ப்பது.

படுக்க வைத்த பத்தொன்பதாம் நாள் ஏழு துண்டுகளுக்கு அடியில் வெள்ளை நூல்கள் தெரிந்தன. கொடியை மண்மேல் படுக்க வைக்க வேண்டும், மூடி வைக்க வேண்டும், வேர் வந்ததா என்று பெட்டியின் அடிவழியாகப் பார்க்க வேண்டும், இழுக்கக் கூடாது.