புரட்டாசி மாதத்து ஃபிஷ் ஃபிங்கர்

ஜூஜுவாடிக்குக் கடல் கிடையாது. இருந்தாலும் மங்களூர் லாரி வந்து நின்று கதவைத் திறந்தால், வெள்ளைப் புகையோடு பாளம் பாளமாகக் கடல்தான் இறங்குகிறது என்று மாதேஸ்வரி நினைத்துக்கொள்வாள். நிஜக் கடலை அவள் பார்த்ததில்லை. உறைந்த மீன் பாளத்தை விரல் விரலாக அறுத்து, மாவில் முக்கி, ரொட்டித்தூளில் புரட்டிப் பெட்டியில் அடைக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவளுக்கு அந்த நினைப்பே போதுமாக இருந்தது.

வயிற்றில் ஐந்தாம் மாதம் என்றதும் அவளைக் குளிர் அறையிலிருந்து மாற்றி, ருசி பார்க்கும் அறையில் உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு தடவை தயாராகும் லாட்டிலும் கொஞ்சம் எடுத்துப் பொரித்து, கடித்துப் பார்த்து, சரி என்றால்தான் பெட்டி வெளியே போகும். நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஆனால் மாற்றிய மாதம் புரட்டாசியாகப் போயிற்று. அந்த மாதம் முழுக்கக் கவுச்சியை வாயில் வைப்பதில்லை என்று அவள் திம்மராயசாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். முன்னே இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. இதுவாவது தங்க வேண்டும். இன்னும் அசைவு வேறு தெரியவில்லை. அந்தப் பயம் ராத்திரியில் அவள் கூடவே படுத்துக்கொண்டது.

அந்த அறையில் இதற்கெல்லாம் ஓர் ஏற்பாடு உண்டு. ரம்ஜான் மாதத்தில் கூட வேலை பார்க்கும் ஃபரீதா பொரித்துக் கொடுப்பாள், இந்து வீட்டுப் பெண் யாராவது கடிப்பாள். புரட்டாசியில் அவர்கள் பொரிக்க, ஃபரீதா கடிப்பாள். சூப்பர்வைசர் காதுவரை இது போனதில்லை.

கடைசி சனிக்கிழமை மத்தியானம் ஃபரீதா தொழப் போயிருந்தாள். மாதேஸ்வரி எண்ணெயிலிருந்து எடுத்த துண்டை இரண்டாக உடைத்தாள். ஆவி முகத்தில் பட்டது. இத்தனை நாள் குமட்டிய அதே வாசனை அன்று என்னவோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. வெளியே ஹைவேயில் லாரிகள் இரைந்தன. அவளுக்கு அது அலைச்சத்தம். கண் சொக்கியது. காலடியில் தண்ணீர் வந்து வந்து போயிற்று. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் உள்ளே போனாள். உப்பாக, இதமாக ஏதோ நாக்கில் கரைந்தது.

கண்ணைத் திறந்தபோது கையில் பாதித் துண்டுதான் இருந்தது. ரொட்டித்தூள் பல்லிடுக்கில் ஒட்டியிருந்தது.

ஃபரீதா திரும்பி வந்தபோது அவள் சுவரோரம் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு மாது? வலிக்குதா?"

"தின்னுட்டன்க்கா."

"துப்பிட்டியா?"

"முழுங்கிட்டன். தூக்கமா நெனப்பான்னே தெரில. சாமிக்குச் சொன்ன வார்த்தைய நானே கெடுத்துக்கிட்டன். இதுவும் போயிடும்க்கா."

போன தடவை இவளை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே ஃபரீதாதான். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கள்ல மறந்துபோயி சாப்ட்டா நோன்பு முறியாது. அல்லாவே ஊட்டிவிட்டான்னு எடுத்துக்குவோம்."

"எங்க சாமிக்கு அது தெரியணுமே."

சிரிப்பதா அழுவதா என்று ஃபரீதாவுக்குப் புரியவில்லை. மிச்சப் பாதியை அவள் கையிலிருந்து பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். "இந்த லாட்டு நான் பாத்ததுதான். எந்திரி."

எழுந்தவள் பாதியில் நின்றாள். அடிவயிற்றில் ஏதோ மெல்லப் புரண்டது. நின்றது. மறுபடியும் புரண்டது. ஃபரீதாவின் கையை இழுத்து அங்கே வைத்துக்கொண்டாள். வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் ஃபரீதா, "ஆமா, தெரியுது" என்றாள்.

"நெசமாவா?"

"யாருக்காக வேண்டுனியோ அதுவே கேட்டுத் தின்னுருச்சு. இனி அதாச்சு, உங்க சாமியாச்சு."

மாதேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வந்தது. தட்டில் இன்னொரு துண்டு ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னொன்னு கேக்குதுக்கா."

ஃபரீதா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஐப்பசி பொறக்கட்டும்னு சொல்லு அதுகிட்ட. எங்கயும் போவாம இருக்கச் சொல்லு."