உள்பக்கம் பார்த்தாயா?

எங்கள் தையல் கடையில், தைத்து முடித்த சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் அக்கா யாருக்கும் கொடுக்க மாட்டாள். போனில் வரும் செய்திகளையும் அப்படித்தான் பார்ப்பாள். யார் எழுதியது, எப்போது எழுதியது, படம் எங்கே எடுத்தது என்று குடைவாள். நான் அவசரப்பட்டு எதையாவது பகிர்ந்துவிட்டால் தொலைந்தேன். அன்று முழுக்க வறுத்தெடுத்துவிடுவாள்.

எதிரே ரெடிமேட் கடை திறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அந்தக் கடைத் துணியால் அரிப்பு வந்ததாக, தடித்துச் சிவந்த ஒரு கையின் படத்தோடு இன்று காலை ஒரு பதிவு வந்தது. அக்காவுக்கு முகமெல்லாம் பல்.

"இத எல்லாருக்கும் அனுப்பப் போறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உள்பக்கம் பாத்தியாக்கா?"

"இதுல என்னடி பாக்க இருக்கு? பாத்தாலே உண்மைன்னு தெரியுதே!"

போனைப் பிடுங்கி, அந்தப் படம் வேறு எங்கே வந்திருக்கிறது என்று தேடிக் காட்டினேன். மூன்று வருடங்களுக்கு முன்பு வந்த, பூச்சிக்கடி பற்றிய ஒரு கட்டுரையில் அதே கை இருந்தது.

அக்கா அந்தச் செய்தியை அழித்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள், திரும்ப வைத்தாள். எதிர்க்கடையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"படிக்க எவ்வளவு நல்லா இருந்துச்சுடி!"